பங்குக் கூடை முறையில் காய்கறி அறுவடையைத் தொடங்குவது எப்படி?

காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்கு விளைவிப்பதைக் காட்டிலும் விற்பதுதான் பெரும்பாடு. விதை, உரம், கூலி ஆகிய செலவுகளைக் கடன் வாங்கிச் செய்துவிட்டு, காய் பறித்து மண்டிக்குக் கொண்டு போன பிறகுதான் விலை என்னவென்று அவர் தெரிந்துகொள்கிறார். எல்லாத் தோட்டங்களிலும் தக்காளி ஒரே சமயத்தில் பழுத்துவிட்டால், கிடைக்கும் தொகை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் காணாது.

இந்த இக்கட்டிலிருந்து விடுபடச் சில நாடுகளில் விவசாயிகளும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரு முறையைக் கையாண்டு வருகிறார்கள். பருவம் தொடங்குமுன்பே குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள குடும்பங்கள் பண்ணையில் பங்கு சேர்ந்து பணம் செலுத்திவிடுகின்றன. அறுவடை தொடங்கியது முதல் முடியும் வரை வாரந்தோறும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு கூடைக் காய்கறி போய்ச் சேருகிறது. இதைப் பங்குக் கூடை முறை எனலாம். பால் வாடிக்கையில் இத்தனை லிட்டர் பாலுக்கு இவ்வளவு பணம் என்பது கணக்கு. இதிலோ பண்ணையின் விளைச்சலில் ஒரு பங்கு என்பது கணக்கு. விளைச்சல் கூடினால் கூடை நிறையும். இயற்கை கெடுத்தால் கூடை குறையும்.

இம்முறையில் மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம் அறுவடையின் முதல் நான்கு வாரங்கள். பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் அப்போதுதான் கூடையைக் கண்ணால் பார்க்கின்றன. அடுத்த பருவத்திற்கும் அவர்கள் பங்கு சேருவார்களா என்பது பெரும்பாலும் அந்த வாரங்களிலேயே முடிவாகிவிடும்.

முறை தோன்றிய விதம்

ஜப்பானில் 1970-ஆம் ஆண்டுகளில் பூச்சிமருந்து நஞ்சுக்கு அஞ்சிய இல்லத்தரசிகள் குழுவாகச் சேர்ந்து விவசாயிகளிடம் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இதற்கு அங்கே ‘தெய்க்கெய்’ என்று பெயர். 1971-இல் அமைக்கப்பட்ட ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் இதனைப் பரப்பியது. முன்கூட்டிப் பேசி முடிவு செய்தபடி விளைவிக்க வேண்டியது விவசாயியின் பொறுப்பு. விளைந்ததை முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டியது வாங்குவோர் பொறுப்பு என்பது அம்முறையின் அடிப்படைகளில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரை ஒட்டி 1978-இல் இத்தகைய பண்ணை ஒன்று தொடங்கியது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ‘இண்டியன் லைன்’ என்னும் பண்ணையை நடத்திய ராபின் வான் என் என்ற பெண்மணியும், சுவிட்சர்லாந்திலிருந்து இம்முறையை அறிந்து வந்த யான் வாண்டர் டுயின் என்பவரும் வேறு சிலருடன் கூடி இதனைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த எடுப்பிலேயே காய்கறியில் இறங்கிவிடவில்லை. 1985-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஏற்கெனவே காய்க்கும் மரங்களிலிருந்து கிடைத்த ஆப்பிளைச் சுமார் 30 பங்குகளாக வழங்கிப் பார்த்தார்கள். மக்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமான பின், 1986-இல் காய்கறிப் பங்குகள் தொடங்கின. கையில் உறுதியாக உள்ள ஒரு விளைபொருளைக் கொண்டு சிறிய அளவில் ஆரம்பித்ததைப் புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க வேண்டும். அதே 1986-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டெம்பிள்-வில்ட்டன் பண்ணையும் தொடங்கியது. அங்கே ஆண்டுச் செலவைக் கூட்டத்தில் வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன் சக்திக்கேற்ற தொகையை ஏற்றுக்கொள்கிறது.

குளிர் நாட்டின் முதல் கூடை

மேற்கு மாசசூசெட்ஸ் மலைப்பகுதியில் மே மாதக் கடைசி வரையில் கூட உறைபனி விழலாம். ஆகவே அப்பகுதிப் பண்ணைகளில் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் முதல் கூடை வழங்கப்படுகிறது. அக்டோபர் மாதம் வரை சுமார் 20 வாரங்கள் இது நடைபெறும்.

முதல் கூடையில் இருப்பவை குளிரைத் தாங்கி விரைவில் வளரும் பயிர்களே. பச்சையாகத் தின்னும் லெட்டூஸ் கீரை, ஸ்பினாச் கீரை, சிறிய முள்ளங்கி, வெங்காயத் தாள், பச்சைப் பட்டாணி ஆகியவை முக்கியமானவை. வெயிலை நாடும் தக்காளி திறந்த வயலில் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோதான் பழுக்கும். புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் முதல் வாரமே தக்காளியை எதிர்பார்த்து ஏமாறுவது உண்டு. எனவே அனுபவமுள்ள பண்ணைக்காரர்கள், எந்த மாதத்தில் எந்தக் காய் வரும் என்ற பட்டியலைப் பங்கு சேரும் நாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். முதல் வாரங்களில் கூடை இலேசாக இருக்கும், பிற்பகுதியில் கனக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறார்கள்.

லெட்டூஸ் விதையை அவர்கள் ஒரே நாளில் விதைப்பதில்லை. 10 முதல் 14 நாட்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதைத்து வருகிறார்கள். மொத்தமாக விதைத்தால் ஒரு வாரம் கீரை மலிந்து, அடுத்த வாரம் பூத்துக் கசந்து வீணாகும். முதல் கூடை எப்படி இருக்கும் என்பது பறிக்கும் நாளில் முடிவாவதில்லை. விதைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இக்கருத்து எந்த நாட்டுக்கும் எந்தக் காய்கறிக்கும் பொருந்தும்.

பின்னோக்கிக் கணக்கிடுதல்

நம் ஊர்க் காய்கறிகளைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் கூடை வழங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும்.

கத்தரிக்கு நாற்றங்காலில் 35 நாட்கள், நட்டபின் முதல் பறிப்பிற்கு 60 நாட்கள், ஆக 95 நாட்கள் தேவை. எனவே மே 29-இல் நாற்று விட வேண்டும். தக்காளிக்கு நாற்றங்காலில் 25 நாட்களும் நட்டபின் 65 நாட்களுமாக 90 நாட்கள். ஜூன் 3-இல் விதைக்க வேண்டும். முற்றிய பறங்கிக்கும் ஏறத்தாழ 90 நாட்கள் பிடிக்கும். பீர்க்கு 65 நாட்கள் எனக் கொண்டால் ஜூன் 28. வெண்டைக்கு 50 நாட்கள் எனக் கொண்டால் ஜூலை 13. முள்ளங்கிக்கு 45 நாட்கள், ஜூலை 18. தண்டுக்கீரை, அரைக்கீரை ஆகியவற்றுக்கு 25 நாட்கள், ஆகஸ்டு 7.

இரகத்தையும் வெயிலையும் மண்ணையும் பொறுத்து இந்த நாட்கள் முன்பின் ஆகும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு வாரம் முன்னதாகவே விதைத்துவிடுதல் நலம். பத்து நாள் பிந்திய பயிரால் முதல் கூடையில் ஓட்டை விழும். ஒரு வாரம் முந்திய பயிரை உழவர் சந்தையிலோ பக்கத்துக் கடையிலோ விற்றுவிடலாம். 1999-ஆம் ஆண்டு மதுரையில் முதலாவதாகத் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள் இத்தகைய உபரிக்கு ஏற்றவை.

விதைப்பு ஒரு தடவையோடு நின்றுவிடக் கூடாது. வாரம் ஒரு பாத்தி கீரை, 15 நாட்களுக்கு ஒரு முறை முள்ளங்கி, முதல் விதைப்பிலிருந்து 30 முதல் 40 நாட்களில் இரண்டாம் வெண்டை என்று தொடர்ந்து விதைத்து வந்தால்தான் கூடை இடைவிடாமல் நிறையும். வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, விதைப்பு நாளையும் எதிர்பார்க்கும் பறிப்பு நாளையும் அதில் குறித்து வருதல் எளிது.

எத்தனை குடும்பங்கள்?

அரை ஏக்கர், அதாவது 50 சென்ட் நிலமும் கிணற்றுப் பாசனமும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடும்பத்திற்கு வாரம் 5 கிலோ வீதம் 20 குடும்பங்களுக்கு வாரம் 100 கிலோ தேவை. 20 வாரங்களுக்கு 2,000 கிலோ, அதாவது 2 டன்.

வெண்டை 10 சென்ட், கத்தரி 8, தக்காளி 8, பந்தல் காய்கள் 8, கீரை 5, முள்ளங்கி 4, பறங்கி 4, மிளகாயும் கொத்தவரையும் 3 சென்ட் என நிலத்தைப் பிரிக்கலாம். நல்ல பராமரிப்பில் இதிலிருந்து ஏறத்தாழ 3 டன் எதிர்பார்க்கலாம். ஆனால் 3 டன் விளையும் என்று 30 குடும்பங்களைச் சேர்த்துவிடக் கூடாது. மழை, பூச்சி, நோய் ஆகியவற்றுக்கென மூன்றில் ஒரு பகுதியை ஒதுக்கி, 20 குடும்பங்களுக்கு மட்டும் வாக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. முதன்முறையாகத் தொடங்குவோர் 10 குடும்பங்களுடன் ஆரம்பித்து, மீதி விளைச்சலைச் சந்தையில் விற்கலாம்.

முதல் பறிப்புக்கு முன் ஓர் ஒத்திகை

ஒரு பயிர் மட்டும் காய்த்துவிட்டது என்பதற்காக அவசரப்பட்டுக் கூடையைத் தொடங்க வேண்டியதில்லை. ஐந்து வகைகளாவது எல்லாக் குடும்பங்களுக்கும் போதுமான அளவு கிடைக்கும் வாரத்தில் தொடங்குதல் வேண்டும்.

முதல் கூடைக்கு ஒரு வாரம் முன்னதாக ஒத்திகை பார்ப்பது மிகுந்த பயன் தரும். ஒரு காலை நேரத்தில் தோட்டம் முழுவதும் பறித்து, எடை போட்டு, கட்டி முடிக்க எத்தனை ஆட்கள், எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கூடைகள் போதுமா, தராசு சரியாக இருக்கிறதா, நிழலான இடம் உண்டா, வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பவை எல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஒத்திகையில் பறித்த காயைச் சந்தைக்கு அனுப்பிவிடலாம். முற்றிய காய்களை அன்றே நீக்கிவிடுவதால், அடுத்த வாரம் இளங்காய்கள் ஒரே சீராகக் கிடைக்கும்.

பறிக்கும் நேரமும் பக்குவமும்

காய்கறிகளை விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறித்து முடிக்க வேண்டும். பறித்த பிறகும் காய் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. வெயிலில் சூடேறிய காய் வேகமாக மூச்சுவிட்டு, நீரை இழந்து, சீக்கிரம் வாடிப்போகும். காலைக் குளிர்ச்சியோடு பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுவந்துவிட்டால் காய் கூடுதல் நாட்கள் தாங்கும். ஈரச் சாக்கைப் பக்கங்களில் தொங்கவிட்ட கொட்டகை இதற்குப் போதும்.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். நுனியை வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து நின்றால் முற்றிவிட்டது என்று அறியலாம். முற்றிய காயைச் செடியில் விட்டால், செடியின் சத்து விதைக்குப் போய்ப் புதிய பூக்கள் குறையும். கூடை நாள் வாரம் ஒன்றுதான் என்றாலும் பறிப்பு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இடையில் பறித்தவற்றைச் சந்தைக்கு அனுப்பலாம். அல்லது 20 குடும்பங்களை இரு பிரிவாக்கி, வாரத்தில் இரு நாட்கள் வழங்கலாம்.

கத்தரியை 4 அல்லது 5 நாட்களுக்கு ஒரு முறை, தோல் பளபளப்பாக இருக்கும்போது காம்புடன் வெட்டி எடுக்க வேண்டும். மங்கிய தோலுள்ள காயில் விதை முற்றியிருக்கும். பீர்க்கு, புடலை ஆகியவற்றையும் காம்புடன் வெட்ட வேண்டும். பிடித்து இழுத்தால் கொடி அறுபடும். தக்காளியை நிறம் மாறத் தொடங்கியதும் பறித்தால் கூடையில் நசுங்காது. வீட்டில் இரண்டு மூன்று நாட்களில் பழுத்துவிடும். பறங்கியைக் காம்பு காய்ந்து தோல் கெட்டியான பின் அறுத்தால் பல வாரங்கள் கெடாது. மழையால் மற்றக் காய்கள் குறையும் வாரங்களுக்கு இது கைகொடுக்கும் சேமிப்பாகும்.

கீரையையும் முள்ளங்கியையும் சுத்தமான நீரில் அலசி, நீரை வடித்துக் கட்ட வேண்டும். வெண்டையை நனைக்கக் கூடாது. நனைந்தால் கொழகொழத்து அழுகும். கனமான பறங்கி, முள்ளங்கி ஆகியவற்றைக் கூடையின் அடியிலும், தக்காளியையும் கீரையையும் மேலேயும் வைத்தல் வேண்டும்.

மருந்து தெளிப்பில் எச்சரிக்கை

பூச்சிமருந்து தெளிக்க நேர்ந்தால், மருந்துப் புட்டியின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகே காய் பறிக்க வேண்டும். இதில் எவ்வித விதிவிலக்கும் இல்லை. பறிப்புக் காலத்தில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தலாம். 10 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். கத்தரியில் புழு துளைத்த குருத்துகளையும் காய்களையும் அவ்வப்போது பறித்து அழித்துவிட வேண்டும். இயற்கை முறையில் விளைவிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அச்சொல்லைக் காப்பாற்றியே தீர வேண்டும்.

பங்கிடும் விதம்

பறித்ததை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொரு காயையும் எடைபோட்ட பிறகே பங்கிட வேண்டும். கண்மதிப்பில் போட்டுக்கொண்டே போனால் கடைசிக் கூடைகள் இளைத்துவிடும். முதல் வாரங்களில் ஒரு காய் சிறிதளவே கிடைப்பது இயல்பு. எடுத்துக்காட்டாக, பீர்க்கு மொத்தம் 3 கிலோதான் கிடைத்தது என்றால், அதை 20 கூடைகளுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 150 கிராம். அது ஒரு வேளைச் சமையலுக்கும் போதாது. இந்த வாரம் 6 குடும்பங்களுக்கு அரைக் கிலோ வீதம் கொடுத்து, பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். இந்தக் குறிப்பேடு யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

கூடையோடு ஒரு துண்டுச் சீட்டும் போக வேண்டும். இந்த வாரம் என்ன காய், எத்தனை கிலோ, அடுத்த வாரம் எது வரும், எது குறையும் என்று நான்கு வரி எழுதினால் போதும். செப்டம்பரில் தொடங்கும் கூடை அக்டோபர், நவம்பர் மாத வடகிழக்குப் பருவமழையைக் கடந்தாக வேண்டும். அடைமழையில் தக்காளி வெடிக்கும், கீரை அழுகும். அத்தகைய வாரத்தில் உண்மையை எழுதிவிட்டால் குடும்பங்கள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மழையால் வந்த நஷ்டம் வேறு. தண்ணீர் பாய்ச்சாமலும் களை எடுக்காமலும் வந்த நஷ்டம் வேறு. முன்னதைப் பங்குதாரர் பகிர்ந்துகொள்வர். பின்னதை அவர்கள் தலையில் சுமத்துவது முறையன்று.

வெளிச்சந்தையில் காய்களை வாங்கிச் சொந்த விளைச்சல் போலக் கூடையில் போடுவது அறவே கூடாது. பங்குதாரர் சம்மதத்தோடு, பக்கத்து விவசாயியிடம் வாங்கிப் போடுவதாகச் சீட்டில் எழுதிச் சேர்ப்பதில் தவறில்லை.

முன்பணத்தைப் பேணுதல்

பங்குத் தொகையைச் சந்தை விலையைப் பார்த்து நிர்ணயிப்பதில்லை. விதை, எரு, கூலி, வண்டி வாடகை, நிலத்தில் உழைக்கும் குடும்பத்தினரின் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பதே முறை. மொத்தச் செலவு 80,000 ரூபாய் எனில், 20 குடும்பங்களுக்குத் தலா 4,000 ரூபாய். 100 கிலோ காய்கறிக்கு இது கிலோ 40 ரூபாய் ஆகிறது. இத்தொகைகள் கணக்கை விளக்குவதற்கே. அவரவர் ஊர்ச் செலவைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தங்கள் குடும்ப உழைப்புக்குக் கூலி போடாமல் விட்டுவிடுவது சிறு விவசாயிகளிடம் உள்ள வழக்கம். அப்படிச் செய்தால் பங்கு மலிவாகத் தோன்றும். குடும்பத்திற்கு ஒன்றும் மிஞ்சாது.

பணம் மொத்தமாகக் கைக்கு வரும்போது பழைய கடனை அடைத்துவிடத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் இன்னும் விளையாத காய்க்காக வாங்கியது; கூடை போய்ச் சேரும் வரை அது கடனே. பழைய கடனுக்குப் போய்விட்டால், பறிப்புக் கூலிக்கும் இரண்டாம் விதைப்புக்கும் மறுபடி வட்டிக்கு வாங்க நேரிடும். எனவே வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைத்து, விதைப்புச் செலவுக்கு ஒரு பகுதியும், பின்னர் வாரா வாரம் கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒரு பகுதியும் எடுப்பது நல்லது. குடும்பங்களிடம் இரண்டு அல்லது மூன்று தவணைகளில் வாங்கினால் இரு தரப்பினருக்கும் சுமை குறையும்.

முதல் மாதம் முடிந்ததும்

நான்கு வாரங்கள் கழிந்ததும், வாரந்தோறும் வழங்கிய எடைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 20 கிலோ கொடுக்க வேண்டிய இடத்தில் 15 கிலோதான் கொடுத்திருந்தால், எந்தப் பயிர் பிந்தியது என்று கண்டு, விரைவில் வரும் கீரையையும் முள்ளங்கியையும் உடனே கூடுதலாக விதைக்கலாம். எந்தக் காய் வீடுகளில் மிஞ்சுகிறது, எது போதவில்லை என்றும் கேட்டறிய வேண்டும். பங்குதாரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திற்கு அழைத்துக் காட்டினால், பூச்சி அரித்த இலையையும் மழையில் சாய்ந்த செடியையும் நேரில் பார்ப்பார்கள். கூடை ஏன் ஒரு வாரம் நிறைந்தும் ஒரு வாரம் குறைந்தும் வருகிறது என்பது அதன்பின் அவர்களுக்குத் தனியே விளக்க வேண்டியிராது.

நகரங்களுக்கும் பெரிய ஊர்களுக்கும் அருகே கிணற்றுப் பாசனம் உள்ள சிறு விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்தும் இம்முறையைக் கையாளலாம். ஒருவர் கீரை, ஒருவர் பந்தல் காய், ஒருவர் கத்தரி என்று பிரித்துக்கொண்டால் ஒருவர் பயிர் தவறினாலும் கூடை நிற்காது. வரும் பட்டத்தில் தொடங்க விரும்புவோர் முதலில் தெரிந்த பத்துக் குடும்பங்களிடம் பேசி, அவர்கள் வாரம் என்ன காய், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே சொன்னபடி பின்னோக்கி நாட்களை எண்ணி விதைப்பைத் தொடங்கினால், முதல் கூடை குறித்த நாளில் வீடு போய்ச் சேரும்.